பந்தியும் பொட்டலமும்: செங்கல்பட்டு – மாமல்லபுரக் கடற்கரை வட்டாரத்து இல்ல விருந்துகளில் வெளியுணவின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

இல்ல விருந்துக்குச் சமைத்த உணவைக் கடையிலிருந்து வருவித்துப் பரிமாறும் வழக்கம், அடுக்களை சுருங்கியதன் அடையாளமாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. இக்கட்டுரை அக்கருத்திலிருந்து வேறுபடுகிறது. ‘சமைத்தவர் யார்?’ என்ற பழைய கேள்வி ‘எந்தக் கடை?’ என்ற கேள்வியாக உருமாறிய வரலாறாக இவ்வழக்கத்தை வாசிக்கிறது. எடுத்துச் செல்லும் உணவுக்கு இருவேறு கடந்தகாலங்கள் உள்ளன. பொதுவிடத்தில் அமர்ந்துண்ண விரும்பாதவரின் எடுப்புச் சாப்பாடு ஒன்று. பந்தியில் அமர மறுக்கப்பட்டவரின் பொட்டலம் மற்றொன்று. இவ்விரண்டும் இன்றைய இல்ல விருந்தில் எவ்வாறு சந்திக்கின்றன என்பதைச் செங்கல்பட்டு வட்டாரத்தை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செங்கல்பட்டு, மாமல்லபுரம், விருந்து, பந்தி, எடுப்புச் சாப்பாடு, பிரசாதம், பிரியாணி, தீண்டாமை

முன்னுரை

செங்கல்பட்டு நகரிலோ, அதனைச் சூழ்ந்து வளர்ந்துவரும் புதிய மனைப்பிரிவுகளிலோ நிகழும் புதுமனை புகுவிழா ஒன்றில் அடுப்புகள் இரண்டு எனலாம். ஒன்று கண்ணுக்குத் தெரிவது: புதிய வீட்டின் அடுக்களையில் அதிகாலையில் பால் பொங்குவது. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது: பொங்கல், இட்லி, வடை, கேசரி ஆகியவை வேறெங்கோ வெந்து, எவர்சில்வர் பாத்திரங்களில் ஏறி, ஏழு மணிக்குள் வாயிலில் வந்திறங்குவது. முதல் அடுப்பை எவரும் வெளியே ஒப்படைப்பதில்லை. இரண்டாவதைப் பெரும்பாலோர் ஒப்படைத்துவிட்டனர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, பிறந்தநாள் ஆகியவற்றிலும் இத்தகைய பிரிவினையே காணப்படுகிறது. சடங்குக்குரிய சிறு சமையல் வீட்டில் நிற்கிறது. வயிற்றுக்குரிய பெருஞ்சமையல் வெளியேறுகிறது.

எதை வெளியிலிருந்து வாங்குவது என்று குடும்பம் கூடிப் பேசும்போது எழும் வினாக்கள் வெறும் சுவை பற்றியனவல்ல. எத்தனை பேர் சைவம்? ஆட்டிறைச்சியா, கோழியா? யாருடைய கடை? சம்பந்தி வீட்டார் அங்கே சாப்பிடுவார்களா? இவ்வினாக்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. தமிழர் உணவு வரலாறு பற்றிய எழுத்துகளில் சங்க இலக்கிய உணவுப் பட்டியல்கள் ஒருபுறமும், ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ தொடங்கிவைத்த நுகர்வுப் பண்பாட்டு ஆய்வு மறுபுறமும் நிற்கின்றன. கடையிலிருந்து வீட்டுக்கு வரும் உணவு தனிப்பொருளாக அரிதாகவே நோக்கப்பட்டுள்ளது.

வட்டாரமும் பழஞ்சான்றுகளும்

இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 29.11.2019 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 1997 வரை காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளும் செங்கல்பட்டு மாவட்டத்தினுள்ளேயே இருந்தன. அதற்கும் முன்பு, 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினி பெற்ற ‘சாகிர்’ நிலப்பகுதியும் ஏறத்தாழ இதுவே. எனவே வரலாற்றுச் சான்றுகளைக் கையாளும்போது காஞ்சியையும் இவ்வட்டாரத்தின் பகுதியாகவே கொள்ள வேண்டியுள்ளது.

தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை இந்நிலப்பகுதியின் உணவுக்கு மிகப் பழைய சான்று. அதில் வரும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தை மாமல்லபுரத்தோடு இணைத்துக் காண்போர் உளர். பாணன் செல்லும் வழியெங்கும் எயினரும் ஆயரும் உழவரும் வலைஞரும் தத்தம் வீட்டில் ஆக்கிய உணவையே அவனுக்கு அளிக்கின்றனர். நிலத்துக்கு நிலம் உணவு மாறுகிறது. ஆனால் அதே நூலில் அப்பம் சுட்டு விற்கும் கூவியரும் வருகின்றனர்; அதுவும் ஓர் உவமையில். மதுரைக்காஞ்சியிலும் கூவியர் உண்டு. உவமைக்குப் பயன்படும் அளவுக்கு அவர்தம் பண்டம் கேட்போர்க்குப் பழக்கமானது என்பது இதனால் பெறப்படும். கடைப்பண்டம் உண்டு, ஆயின் விருந்தோம்பலில் அதற்கு இடமில்லை. வீட்டுச் சோறும் கடைப் பண்டமும் ஒரே நூலில் இருந்தும் ஒன்றோடொன்று கலவாமல் நிற்பது குறிக்கத்தக்கது.

அடுத்த நல்ல சான்றுக்கு 18ஆம் நூற்றாண்டு வரை வர வேண்டியுள்ளது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு சாகிர்ப் பகுதியில் நடத்திய அளவீட்டில் சுமார் 2000 ஊர்களின் கணக்குகள் தொகுக்கப்பட்டன. அவற்றோடு தொடர்புடைய ஓலைக் கணக்குகளுள் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களுக்குரியவை 2001இல் சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தால் பதிப்பிக்கப்பட்டன. இவ்வட்டாரத்தைச் சேர்ந்த திருப்போரூரின் கணக்கு கிடைப்பது நமக்கு நற்பேறே. விளைந்த நெல் வீட்டுக்குப் போவதற்கு முன்பே குயவர், வண்ணார், நாவிதர், தச்சர், கொல்லர், கோயில் எனப் பங்குகளாகப் பிரிந்துவிடும் பொருளாதாரத்தை அது காட்டுகிறது. இத்தகைய ஊரில் விருந்துக்குரிய பானையும் உழைப்பும் விலையாக அன்றி உரிமையாகவே வந்திருக்கும். சமைத்த சோற்றுக்கு விலை என்ற எண்ணத்துக்கு அங்கே இடம் குறைவு என ஊகிக்கலாம். உரிமையோடு இழிவும் சேர்ந்தே வந்தது என்பதை மறந்து இக்கணக்குகளைப் பொற்காலச் சான்றாக வாசிப்பது பொருந்தாது. பங்கு பெறுவோர் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்தவரல்லர்.

மடைப்பள்ளி

வெளியில் ஆக்கிய உணவைத் தயக்கமின்றி வீட்டுக்குள் கொணர்ந்த முதல் வழி கோயில் எனலாம். திருமலை, காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் ஆகியவற்றின் விசயநகரக் காலக் கல்வெட்டுகள் திருவமுதுக்கு நிவந்தம் அளித்தவர்க்குரிய பிரசாதப் பங்கை ‘விட்டவன் விழுக்காடு’ என்று குறிக்கின்றன. அது பெரும்பாலும் நான்கில் ஒன்று. திருமலையில் அப்பங்கு பிறருக்கு விற்கவும் பட்டது. அதாவது சமைத்த உணவு உரிமையாகி, உரிமை பண்டமாகி, கைமாறியது. இறைவன் உண்ட எச்சம் என்பதால் சமைத்தவர் யார் என்ற கேள்வி அங்கே அடங்கிப்போயிற்று. அடங்கிப்போனது கேள்வி மட்டுமே. மடைப்பள்ளிக்குள் யார் நுழையலாம் என்பதில் மாற்றமில்லை.

காஞ்சிபுரத்தின் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ந்த கோயில் இட்லி, கோயில் வாயிலைத் தாண்டி உணவகப் பட்டியலில் ஏறியது இவ்வழியின் பிற்காலத் தொடர்ச்சி. இந்து சமய அறநிலையத் துறையின்கீழ் உள்ள கோயில்களில் பிரசாதக் கடை நடத்தும் உரிமை ஏலம் விடப்படுகிறது. புளியோதரைப் பொட்டலத்தை வாங்கி வந்து வீட்டு விசேடத்தில் ஆளுக்கொரு கரண்டி வைப்பவர், தாம் ‘ஓட்டல் சாப்பாடு’ போட்டதாகக் கருதுவதில்லை.

அசைவத்துக்கும் இத்தகைய வழி உண்டு. மதுரை மாவட்டம் திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டி, முனியாண்டி விலாஸ் உணவகங்களின் தாய் ஊர். அங்கே முனியாண்டி கோயில் திருவிழாவில் ஆட்டிறைச்சிப் பிரியாணியே பிரசாதம். பாத்திரங்களில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவோர் பலர். உணவகத் தொழிலின் வருவாய் கோயிலுக்குச் சென்று, கோயிலிலிருந்து சோறாக வீட்டுக்குத் திரும்புகிறது.

எடுப்புச் சாப்பாடு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரயில் வந்தது. செங்கல்பட்டு சந்திப்பு நிலையமாயிற்று. ரயில் பயணம் உணவை ஊரின் பங்கு முறையிலிருந்து விடுவித்து விலைக்குரியதாக்கியது. ஆயின் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. நெடிய எதிர்ப்புக்குப் பின் 1941இல்தான் அப்பாகுபாடு நீங்கியது. அதற்கு முன்பே, 1920களில், சேரன்மாதேவி குருகுலத்தின் தனிப்பந்தி தமிழ்நாட்டு அரசியலையே பிளந்திருந்தது.

நகரங்களில் எழுந்த காப்பி கிளப்புகளும் உணவகங்களும் ‘பிராமணாள்’ என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் தாங்கின. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதாயினர். ஆய்வாளர் பலர் இதனைப் பெயர்ப்பலகைப் போராட்டமாகவே காண்கின்றனர். விருந்து வரலாற்றின் நோக்கில் வேறொன்றும் புலப்படுகிறது. அச்சொல் உணவகத்தின் சுவைக்கு அளிக்கப்பட்ட சான்றன்று. அடுப்படியில் நிற்பவர் யார் என்ற கேள்விக்கு வாயிலிலேயே அளிக்கப்பட்ட விடை. உண்பவர் அடுக்களையை எட்டிப் பார்க்க இயலாத இடத்தில், பலகையே அடுக்களைக்குச் சாளரமாயிற்று.

உணவகத்தில் அமர்ந்துண்ணத் தயங்கியோர் இருவகையினர். ஆசாரம் பேணியோர் ஒருவகை. குடும்பப் பெண்கள் மற்றொரு வகை. பின்னவருக்காக உணவகங்கள் திரையிட்ட ‘குடும்ப அறை’களை அமைத்தன. இருவகையினரையும் எட்டிய வழி எடுப்புச் சாப்பாடு. அடுக்குப் பாத்திரத்தில் சோறு, குழம்பு, ரசம், கூட்டு எனத் தட்டுத்தட்டாக வீடு வந்து சேர்ந்த அதன் பெயர், சில பழைய உணவகங்களின் விலைப்பட்டியலில் இன்றும் காணப்படுகிறது. ‘பார்சல்’ என்ற சொல் அஞ்சல், ரயில் வழக்கிலிருந்து வந்து அதனை மெல்ல வென்றது. இச்சொல் மாற்றத்தில் பாத்திரமும் மாறியதைக் கவனிக்க வேண்டும். எடுப்புச் சாப்பாட்டுக்குப் பாத்திரம் வாங்குபவருடையது. பார்சலுக்கு உறை கடைக்காரருடையது. வீட்டுப் பாத்திரம் கடைக்குச் சென்று திரும்பியவரை, உணவு பாதி வீட்டுக்குரியதாகவே இருந்தது.

1.1.2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் விதிக்கப்பட்ட தடை, வீட்டுப் பாத்திரத்தை மீண்டும் கடைக்கு அழைக்க முயன்றது. பாத்திரம் கொண்டுவருவோருக்கு விலைச்சலுகை என்ற அறிவிப்புகள் சில கடைகளில் எழுந்தன. வழக்கு பெரிதாக மாறியதாகத் தெரியவில்லை.

நூலில் தொங்கிய பொட்டலம்

எடுத்துச் செல்லும் உணவின் மற்றொரு கடந்தகாலத்தைப் பேச வேண்டிய இடம் இது. 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ நூலில், தெருவில் முதியவர் ஒருவர் கடையில் வாங்கிய தின்பண்டப் பொட்டலத்தை, கைபடாமல் அதன் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நில உடைமையாளரிடம் கொண்டுபோகும் காட்சி வருகிறது. சிறுமியின் கண்ணுக்கு அது வேடிக்கை. அண்ணன் விளக்கிய பின்னரே பொருள் புரிகிறது: அவர் கை பட்டால் பண்டம் தீட்டாகும். தலித் இலக்கிய ஆய்வில் பலமுறை எடுத்தாளப்பட்ட இக்காட்சியை உணவு வரலாற்றின் ஆவணமாகவும் கொள்ளலாம். பண்டம் கடையிலிருந்து ஒரு வீட்டுக்குப் போகிறது. சமைத்தவர் ஏற்புடையவர், உண்பவர் உரியவர், நடுவில் சுமப்பவர் மட்டும் தொடக்கூடாதவர். உணவை வீட்டுக்குக் கொண்டுவருதல் என்ற செயலின் உள்ளேயே தீண்டாமை எவ்வாறு இயங்கியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. நூலின் நீளமே விலக்கின் நீளம்.

1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் கடை, பொது உணவகம் ஆகியவற்றினுள் நுழைவதையும், அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் காத்தது அமர்ந்துண்ணும் உரிமையை. ஏனெனில் மறுக்கப்பட்டது அதுவே. வெளியே நின்று வாங்கிக்கொண்டு போகச் சொல்வது, மறுப்பின் நாகரிகமான வடிவமாக இருந்தது; பல தேநீர்க் கடைகளின் தனிக்குவளை அதன் நாகரிகமற்ற வடிவம்.

இது பழங்கதை அன்று என்பதற்கு மாமல்லபுரமே சான்று. கோயில்களில் நண்பகல் அன்னதானத் திட்டம் தமிழ்நாட்டில் 2002இல் தொடங்கியது. 2021 அக்டோபரில், மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் அமரவிடாமல் தாம் வெளியேற்றப்பட்டதாகப் பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவர் சமூகப் பெண் ஒருவர் பேசிய காணொலி பரவியது. சில நாள்களில் அறநிலையத் துறை அமைச்சர் அதே கோயிலில் அவரோடு அமர்ந்து உண்டார். அவ்வாண்டு தீபாவளியன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கே சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு மனைப்பட்டா உள்ளிட்டவற்றை வழங்கினார். இந்நிகழ்வில் கேட்கப்பட்டது சோறு அன்று, இடம். உணவு மட்டுமே கோரிக்கையாக இருந்திருப்பின் ஒரு பொட்டலம் போதுமானதாக இருந்திருக்கும். பொட்டலத்தால் தீர்க்க இயலாததாக அமைந்ததே அதன் வரலாற்று முக்கியத்துவம்.

கடையின் பெயர்

இவ்விரு கடந்தகாலங்களையும் மனத்திற்கொண்டு இன்றைய இல்ல விருந்துக்கு வருவோம். ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் பெருந்தெற்குச் சாலையும், 1998இல் திறக்கப்பட்ட கிழக்குக் கடற்கரைச் சாலையும் உணவகங்களின் வரிசையை இவ்வட்டாரத்துக்குள் கொண்டுவந்தன. (ஜி.எஸ்.டி. என்ற மூன்றெழுத்து 2017 வரை செங்கல்பட்டாருக்குச் சாலையை மட்டுமே குறித்தது. இப்போது விருந்துக் கணக்கிலும் அது வருகிறது.) கல்பாக்கம் அணுவாற்றல் குடியிருப்பு, மகிந்திரா உலக நகரம் ஆகியவை பல மாநிலத்தாரையும் பல சாதியினரையும் அண்டை வீட்டாராக்கின. ஊர்ச் சமையற்காரரை அறியாத, அவர் சாதியைக் கேட்டறியும் வாய்ப்பும் இல்லாத விருந்தாளிகள் ஒரே மாடியில் கூடும் நிலை இதனால் உருவாயிற்று.

இச்சூழலில் பக்கெட் பிரியாணி வந்தது. ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி, ஏறத்தாழப் பத்துப் பேர் என்பது பண்டாரிகளின் பழைய கணக்கு. முசுலிம் திருமணங்களில் விறகடுப்பின்மேல் தேக்சாவில் வெந்த அக்கணக்கே கடைகளில் மூடியிட்ட வாளியாகச் சுருங்கியது. கத்தரிக்காய்த் தொக்கும் தயிர் வெங்காயமும் உடன் வருகின்றன. வாளியின் அளவு குடும்பத்தின் அளவுக்கு ஒத்திருந்தது. ஆடறுத்துச் சமையற்காரரை அமர்த்தும் பெருவிருந்துக்கும், நான்கு பொட்டலம் வாங்கும் நாளுக்கும் இடையில் முப்பது நாற்பது பேர் கூடும் நடுத்தர விருந்து ஒன்றை அது சாத்தியமாக்கியது. இதில் குறையாதது பெண்களின் பொறுப்பு. சமையல் அவர்களை விட்டு நீங்கியது. கடை தேர்தல், ஆள் எண்ணுதல், ‘போதாமல் போனால்’ என்ற கவலை, மிஞ்சியதைப் பங்கிடுதல் ஆகியவை நீங்கவில்லை.

வெளியுணவு பந்தியிலிருந்து பிரிந்து நிற்கும் பொருள் என்பதைச் சட்டமும் தன் வழியில் எதிர்கொள்ள நேர்ந்தது. உணவகத்தில் பரிமாறுவது விற்பனையன்று, விருந்தோம்பல் சார்ந்த சேவையே என உச்ச நீதிமன்றம் 1978இல் கூறியது. 1982இன் 46ஆம் அரசமைப்புத் திருத்தம் உணவு வழங்குதலையும் விற்பனை வரிக்குள் கொண்டுவந்தது. பின்னர் சேவை வரி வந்தபோது, அஞ்சப்பர் முதலான உணவகங்கள் தொடுத்த வழக்கில், எடுத்துச் செல்லும் உணவில் சேவை இல்லை, விற்பனை மட்டுமே உள்ளது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. மேசை, பரிமாறுபவர், கைகழுவும் இடம் ஆகியவை இல்லாதபோது விருந்தோம்பல் கடையில் நிகழவில்லை என்பது இதன் உட்பொருள். அவ்வாறாயின் அது எங்கே நிகழ்கிறது? வாங்கியவர் வீட்டில். வாளியைத் திறந்து வாழையிலையில் பரிமாறுபவரே விருந்தோம்புகிறார். கடைச்சோறு போட்டது விருந்தாகாது என்று முணுமுணுக்கும் மூத்த உறவினருக்கு இத்தீர்ப்பு தக்க மறுமொழி.

ஆனால் வாளியின்மீதுள்ள பெயர் மௌனமாக இருப்பதில்லை. ‘சுத்த சைவம்’, ‘உயர்தர சைவம்’, ‘ஹலால்’, ‘பாய் வீட்டு’, ‘ஆம்பூர்’ என்பன சுவையைச் சுட்டுவதோடு, அடுக்களையில் நிற்பவர் யார் என்ற பழைய வினாவுக்கும் குறிப்பால் விடை கூறுகின்றன. முரளி கபே பலகையிலிருந்து நீக்கப்பட்ட சொல்லின் பணியை இச்சொற்கள் முழுமையாக ஏற்கவில்லை. முசுலிம் சமைத்த பிரியாணியைப் பெருமையோடு வருவிக்கும் இந்துக் குடும்பங்கள் இன்று மிகப் பல. இரு தலைமுறைக்கு முன் இது எளிதாக இருந்திருக்காது. இம்மாற்றத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் தலித் ஒருவர் நடத்தும் கடை தன் உரிமையாளரின் சாதியைப் பெயர்ப்பலகையில் பெருமையாக எழுதி விருந்து ஆணைகளை ஈர்ப்பது காணக்கிடைப்பதில்லை. வேறு சாதிப் பெயர்கள் பலகைகளில் தாராளமாக உள்ளன.

எந்த உணவு எவரையும் புண்படுத்தாது என்ற கணக்கிலும் இதே ஏற்றத்தாழ்வு படிந்துள்ளது. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றானபோது எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணமாகக் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் அவ்விலக்கைப் பாகுபாடாகக் கண்டது. அரசு விழாவில் விவாதமாக வெடித்த அது, இல்ல விருந்தில் விவாதமாகவே எழுவதில்லை. ‘எல்லாருக்கும் ஒத்துவருவது’ என்று கூறிக் கோழிப் பிரியாணியும் சைவச் சாப்பாடும் முடிவாகின்றன. ‘எல்லாரும்’ என்பதில் எவர் எண்ணப்படவில்லை என்று அப்போது எவரும் கேட்பதில்லை.

செங்கல்பட்டிலும் திருக்கழுக்குன்றத்திலும் இக்கட்டுரையாளர் கண்ட கலப்பு விருந்துகளில் சைவ உணவு வேறு கடையிலிருந்து, வேறு வண்டியில், பிரியாணிக்கு முன்பாகவே வந்து சேரும்படி ஏற்பாடு செய்யப்படுகிறது. ஒரே கடையில் இரண்டும் கிடைக்கும்போதும் இவ்வாறே நிகழ்கிறது. காரணம் கேட்டால் ‘கரண்டி கலந்துவிடும்’ என்பர். கரண்டிகள் தனித்தனியே. இருக்கைகள் அவ்வாறல்ல, பொரித்த கோழியை வைத்துக்கொண்டிருப்பவரும் சாம்பார் சாதம் உண்பவரும் மொட்டைமாடிப் பந்தலின்கீழ் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றனர். வாளியைக் கொணர்ந்த இளைஞர் மட்டும் மாடிப்படியின் கீழே நின்று, பணம் வந்துசேர்ந்ததைக் கைப்பேசியில் சரிபார்த்துவிட்டுப் புறப்படுகிறார். அவரைச் சாப்பிட்டுப் போகச் சொல்லும் வீடுகளும் உண்டு. அவருக்கோ அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டிருக்கும்.